வீல் டார்க்கும் நிறையும் வைத்து முடுக்கம் போட்டால் 10.45 வருகிறது. எங்கே பிசகு?

மூன்றாம்கியர்:

வணக்கம். ஒரு 1.5 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்கின் முடுக்கத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கிறேன். கையில் உள்ள விவரம்: உச்ச டார்க் (முறுக்குவிசை) 145 நியூட்டன் மீட்டர் (4200 ஆர்பிஎம்), உச்ச திறன் 75 கிலோவாட் (6000 ஆர்பிஎம்). முதல் கியர் 3.55, இரண்டாவது 1.90, மூன்றாவது 1.28, ஃபைனல் டிரைவ் (கியருக்குப் பின் வரும் கடைசிப் பல்விகிதம்) 4.1. டயர் 185/65 ஆர்15. கெர்ப் எடை (ஆள் ஏறாத காரின் எடை) 1060 கிலோ. மேனுவல் கியர், இழுப்பது முன்சக்கரங்கள்.

நான் போட்ட கணக்கு:

145 × 3.55 × 4.1 = 2110 நியூட்டன் மீட்டர்
15 இன்ச் வீல், ஆரம் 7.5 இன்ச், அதாவது 0.1905 மீட்டர்
2110 ÷ 0.1905 = 11,076 நியூட்டன்
11,076 ÷ 1060 = 10.45 மீ/வி²

100 கிமீ வேகம் என்பது 27.78 மீ/வி. 10.45ஆல் வகுத்தால் 2.66 விநாடி. அதே காரில் இரண்டு பேர் உட்கார்ந்து ஜிபிஎஸ்ஸில் அளந்தால் 12.4 விநாடி! ஏதோ ஒரு இடத்தில் பெரிதாகச் சறுக்கியிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம்: இழுக்கும் சக்கரம் இரண்டு. அப்படியென்றால் 2110ஐ இரண்டால் பெருக்க வேண்டுமா, வகுக்க வேண்டுமா?

பல்சக்கரம்:

கணக்கைத் தொடும் முன் விடையைப் பாருங்கள். 10.45 என்பது புவியீர்ப்பு முடுக்கமான 9.81ஐவிட அதிகம். சாதாரண டயரின் உராய்வுக் கெழு காய்ந்த தாரில் 0.9 சுற்றி இருக்கும். நான்கு சக்கரமும் இழுத்தால்கூட 8.8ஐத் தாண்ட முடியாது. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் காரில் அதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். ஆக, 10.45 என்று வந்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

திறனை வைத்தும் இதைப் பிடிக்கலாம். 1060 கிலோவை 100 கிமீ வேகத்திலும் 10.45 மீ/வி² முடுக்க வேண்டுமானால் 1060 × 10.45 × 27.78, சுமார் 308 கிலோவாட் தேவை. உங்கள் இன்ஜினில் இருப்பது 75.

முதல் பிசகு ஆரத்தில். டயர் எண்ணில் உள்ள 15 என்பது ரிம்மின் விட்டம். தரையைத் தொடுவது ரிம் அல்ல, டயர். 185இல் 65 சதவீதம் 120.25 மிமீ, அதுதான் டயரின் பக்கச்சுவர் உயரம். ரிம்மின் ஆரம் 190.5 மிமீ. இரண்டையும் கூட்டினால் 310.75 மிமீ. இது பாரம் ஏறாத டயருக்கு. காரின் எடை இறங்கி உருளும்போது கொஞ்சம் குறையும், 0.30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊகம் வேண்டாம் என்றால் அளந்துவிடுங்கள். காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, இரண்டு பேரை உட்காரவைத்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். காரை நேராகத் தள்ளி, சக்கரம் சரியாக 5 சுற்று வந்ததும் தரையில் மறுகோடு. இடைவெளி 9.45 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 1.89, அதை 6.283ஆல் வகுத்தால் 0.301. ஒரே சுற்றில் அளந்தால் கோடு ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனாலும் விடை அரை சதவீதம் மாறும், அதனால்தான் 5 சுற்று. அச்சு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளப்பவர்களும் உண்டு. அது உருளும் ஆரத்தைவிடக் குறைவாகக் காட்டும். இந்தக் கணக்குக்கு உருளும் ஆரத்தை எடுங்கள். அப்போதுதான் சக்கரத்தில் போகும் திறனும், விசையை வேகத்தால் பெருக்கினால் வரும் திறனும் ஒத்துப்போகும்.

இரண்டாவது, 145 அப்படியே சக்கரத்துக்கு வராது. குறுக்காக வைத்த இன்ஜின், மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் பற்களிலும் பேரிங்கிலும் ஆயிலைக் கலக்குவதிலும் 5 முதல் 10 சதவீதம் போகும். 0.92 எடுத்துக்கொள்வோம்.

மூன்றாவது நிறை. காரை ஓட்ட ஆள் வேண்டுமே. 1060 உடன் இரண்டு பேருக்கு 140 சேர்த்து 1200 கிலோ.

2110 × 0.92 ÷ 0.30 = 6471 நியூட்டன்
6471 ÷ 1200 = 5.39 மீ/வி²

சக்கரம் இரண்டா என்ற சந்தேகத்துக்கு: பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். 2110 என்பது டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு சக்கரங்களுக்கும் டார்க்கைப் பிரித்துத் தரும் பல்லமைப்பு) வரும் மொத்தம். டிஃபரன்ஷியல் அதை இடதுக்கு 1055, வலதுக்கு 1055 என்று பிரிக்கிறது. தரையில் இரண்டும் ஒரே திசையில் தள்ளுவதால் மறுபடியும் கூடி 2110. எலக்ட்ரிக் கார் விளம்பரங்களில் ஆயிரக்கணக்கில் போடும் வீல் டார்க்கும் பெரும்பாலும் இப்படிக் கியரால் பெருக்கிக் கூட்டிய மொத்தம்தான். அதை மறுபடி நான்கால் பெருக்கிவிடாதீர்கள்.

போகிற போக்கில் ஒன்று. தமிழில் முறுக்குவிசை, திருப்பு விசை என்றெல்லாம் எழுதுவதால் அது விசை என்றே மனதில் பதிந்துவிடுகிறது. அது விசை அல்ல, விசையை ஆரத்தால் பெருக்கியது. நேரே நிறையால் வகுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அலகையும் வரிக்கு வரி எழுதிக்கொண்டு போனால் இந்தத் தவறு தானாகவே மாட்டிக்கொள்ளும்.

ஈடுநிறை:

பல்சக்கரம் சொன்னது சரி, ஆனால் 5.39உம் நிஜத்தில் கிடைக்காது. முதல் கியரில் பெரிய ஆளை விட்டுவிட்டார்: சுழலும் பாகங்கள்.

கார் முன்னே வேகமெடுக்கும்போது ஃப்ளைவீல், கிளட்ச், கிராங்க், நான்கு சக்கரங்கள் எல்லாமே சுழற்சியிலும் வேகமெடுத்தாக வேண்டும். அதற்கும் டார்க் அந்த 145இலிருந்துதான் போகிறது. இதைக் கூடுதல் நிறையாக மாற்றிக் கணக்கில் சேர்ப்பது எளிது. அதையும் சேர்த்த மொத்தம்தான் ஈடு நிறை.

இன்ஜின் பக்க நிலைமத் திருப்புத்திறன் (சுழல்வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) உற்பத்தியாளர் தாளில் இருக்காது. உத்தேசமாகப் போடலாம். ஃப்ளைவீல் 9 கிலோ, ஆரம் 0.135 மீட்டர், தட்டு என்று எடுத்தால் அரைப்பங்கு × 9 × 0.135² = 0.082. கிளட்ச் கவரும் டிஸ்க்கும் 5.5 கிலோ, ஆரம் 0.115, அது 0.036. கிராங்கும் முன் புல்லியும் சேர்த்து 0.03. மொத்தம் 0.15 கிலோ மீட்டர்².

சக்கரம் ஒன்றுக்கு: டயர் 7.5 கிலோ, அதன் எடை பெரும்பாலும் ட்ரெட்டில் இருப்பதால் ஆரம் 0.28, ரிம் 7 கிலோ, ஆரம் 0.17. 0.59 + 0.20, ஏறத்தாழ 0.8. நான்குக்கும் 3.2.

இன்ஜின் பக்க எண்ணை மொத்தக் கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். பலரும் ஒரு முறை மட்டும் பெருக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஏன் வர்க்கம்? முதல் கியரில் மொத்த விகிதம் 3.55 × 4.1 = 14.56. சக்கரம் ஒரு மடங்கு வேகமெடுத்தால் இன்ஜின் 14.56 மடங்கு வேகமெடுக்கிறது, அது ஒரு முறை. அதற்கு இன்ஜினில் செலவாகும் டார்க், சக்கரத்துக்கு வந்திருந்தால் 14.56 மடங்காகியிருக்கும், அது இரண்டாம் முறை.

முதல் கியர்: 0.15 × 14.56² = 31.8. சக்கரங்கள் 3.2 கூட்டினால் 35. உருளும் ஆரத்தின் வர்க்கமான 0.09ஆல் வகுத்தால் 389 கிலோ.
இரண்டாம் கியர்: மொத்த விகிதம் 7.79, கூடுதல் 137 கிலோ.
மூன்றாம் கியர்: 5.25, கூடுதல் 81 கிலோ.

அதாவது முதல் கியரில் கார் 1200 கிலோ அல்ல, 1589 கிலோ போல நடந்துகொள்கிறது. ஐந்தாறு பேர் கூடுதலாக ஏறிக்கொண்ட மாதிரி.

இனி தடைகள். உருள்தடை 0.012 × 1200 × 9.81 = 141 நியூட்டன். காற்றுத் தடைக்கு, தடைக்கெழு 0.32, முன்பரப்பு 2.1 சதுர மீட்டர் என்றால் 0.40 × வேகத்தின் வர்க்கம். முதல் கியரில் 4200 ஆர்பிஎம் என்பது 9.07 மீ/வி (32.6 கிமீ), அங்கே வெறும் 33 நியூட்டன்.

(6471 − 141 − 33) ÷ 1589 = 3.96 மீ/வி²

சரிபார்க்க ஒரு வழி. 3.96ஐ 0.30ஆல் வகுத்து 14.56ஆல் பெருக்கினால் இன்ஜினின் கோண முடுக்கம் விநாடிக்கு 192 ரேடியன்/வி, அதாவது ஒவ்வொரு விநாடியும் 1,830 ஆர்பிஎம் ஏறுகிறது. அதை 0.15ஆல் பெருக்கினால் 29 நியூட்டன் மீட்டர். 145இல் ஐந்தில் ஒரு பங்கை இன்ஜின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளச் சாப்பிட்டுவிடுகிறது. லேசான ஃப்ளைவீல் போட்டால் முதல் கியரில் துள்ளுவதும், ஐந்தாம் கியரில் வித்தியாசமே தெரியாததும் இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் வீல் டார்க் கணக்கில் வந்ததா, டைனோவில் (காரை உருளைமேல் ஓட்டி டார்க்கை அளக்கும் கருவி) வந்ததா என்று பாருங்கள். டைனோவில் சக்கரத்தில் அளந்தது என்றால் கியர்பாக்ஸ் இழப்பு அதில் ஏற்கெனவே கழிந்துவிட்டது, மறுபடி 0.92 போடக் கூடாது. உருளையை முடுக்கி அளக்கும் டைனோ என்றால் இன்ஜினைச் சுழற்றும் செலவிலும் ஒரு பகுதி கழிந்திருக்கும். திருத்தம் போட்டுக் காட்டும் மென்பொருளா, போடாததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்த எண்ணைத் தொடாதீர்கள்.

டர்போகாற்று:

எதுக்கு இவ்ளோ கஷ்டம்? டார்க்கே வேண்டாம், எச்பி மட்டும் போதும்.

ஈடுநிறை:

இரண்டும் ஒன்றேதான். விசை = சக்கரத்தில் உள்ள திறன் ÷ வேகம். அந்த வேகத்தில், அந்த ஆர்பிஎம்மில் இருக்கும் திறனைப் போட்டால் டார்க் வழியில் வந்த அதே எண் வரும். உச்ச திறனை எல்லா வேகத்துக்கும் போட்டால்தான் தப்பு.

மூன்றாம்கியர்:

மிக்க நன்றி. ரிம்மை டயர் என்று எடுத்தது என் அவசரம். 3.96 நம்பும்படியாக இருக்கிறது. ஆனால் 27.78 ÷ 3.96 = 7.0 விநாடிதான். ஜிபிஎஸ் 12.4. மீதி 5 விநாடி எங்கே போனது?

டார்க் வளைவின் படம் கிடைத்தது. 2000 ஆர்பிஎம்மில் 122, 2500இல் 128, 3000இல் 134, 4200இல் 145, 5000இல் 138, 6000இல் 119.

பல்சக்கரம்:

(ஈடுநிறை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், முதல் கியரில் அதை விட்டிருக்கக் கூடாது.)

5 விநாடி எங்கும் போகவில்லை. 3.96 என்பது முதல் கியரில் ஒரே ஒரு புள்ளியின் முடுக்கம். முதல் கியர் 6000 ஆர்பிஎம்மில் 46.6 கிமீயோடு முடிந்துவிடுகிறது. அதற்குமேல் இரண்டாம் கியரில் விசை ஏறக்குறையப் பாதி. கியர் கியராகப் பிரித்துப் போடுங்கள்:

முதல் கியர், 0 முதல் 12.5 மீ/வி (45 கிமீ). கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்வரை முழு டார்க்கும் வராது என்பதால் சராசரி 132 எடுக்கிறேன். விசை 5892, தடை 160 போக 5732, 1589ஆல் வகுத்தால் 3.6. நேரம் 3.5 விநாடி.

இரண்டாம் கியர், 12.5 முதல் 24 மீ/வி (86 கிமீ). 3100 ஆர்பிஎம்மில் தொடங்கி 6000 வரை, சராசரி 136. விசை 3249, உருள்தடை 141, காற்று 134. மீதி 2974, 1337ஆல் வகுத்தால் 2.22. நேரம் 5.2 விநாடி.

மூன்றாம் கியர், 24 முதல் 27.78. ஆர்பிஎம் 4000 முதல் 4640, டார்க் 143. விசை 2301, தடை 411. மீதி 1890, 1281ஆல் வகுத்தால் 1.48. நேரம் 2.6 விநாடி.

கூட்டினால் 11.3. இரண்டு கியர் மாற்றம், தலா அரை விநாடி. மொத்தம் 12.3.

உங்கள் 12.4க்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது பாதி அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.92ஐ 0.90 ஆக்கினாலே கால் விநாடி கூடும். ஏசி ஓடினால் இன்னும் கூடும்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் போடுவதென்றால் சராசரி வேண்டாம். ஒரு வரிசைக்கு 100 ஆர்பிஎம். ஒவ்வொரு வரிசையிலும் வளைவிலிருந்து டார்க், அதிலிருந்து விசை, தடையைக் கழித்து அந்தக் கியரின் ஈடு நிறையால் வகுத்தால் முடுக்கம். அடுத்த வரிசையின் வேகத்திலிருந்து இந்த வரிசையின் வேகத்தைக் கழித்து முடுக்கத்தால் வகுத்தால் நேரம். நேரங்களைத்தான் கூட்ட வேண்டும். முடுக்கங்களைச் சராசரி எடுத்து மொத்த வேகத்தை வகுத்தால், முதல் கியரின் பெரிய எண்கள் சேர்ந்து நேரத்தைக் குறைத்துக் காட்டும்.

பழைய விவரத் தாள் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சிலவற்றில் டார்க்கைக் கிலோகிராம் மீட்டரில் போட்டிருப்பார்கள். இந்த இன்ஜினுக்கு அது 14.8 என்று இருக்கும். 9.81ஆல் பெருக்கினால்தான் நியூட்டன் மீட்டர். பெருக்காமல் போட்டால் வரும் முடுக்கம் மீ/வி²இல் இருக்காது, புவியீர்ப்பின் மடங்காக இருக்கும்.

ஈரத்தார்:

எல்லாரும் இன்ஜின் பக்கமே நிக்கிறீங்க. டயர் பிடிக்குமான்னும் பாருங்க.

முன்சக்கர இழுவை. முன்பக்கம் 60 சதவீத எடைன்னா, நிக்கும்போது முன் அச்சில் 7063 நியூட்டன். கார் முடுக்கும்போது எடை பின்னால் சாயும். எடை மையம் 0.55 மீட்டர் உயரம், வீல்பேஸ் 2.5 மீட்டர்னா அந்த விகிதம் 0.22. 3.96 முடுக்கத்தில் 1200 × 3.96 × 0.22 = 1045 நியூட்டன் முன்பக்கம் குறையும். மீதி 6018. காய்ந்த தாரில் 0.9 போட்டா 5416 வரைக்கும் தாங்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. 6471ஐ இதோட ஒப்பிடாதீங்க. சுழலும் பாகங்களுக்குப் போனது தரைக்கு வரவே இல்லை. தரையில் தள்ளுறது 1200 × 3.96உம் சின்னச் சின்னத் தடைகளும்தான், 4,900 சுற்றி. 5416க்குள்ள இருக்கு, அதனால சக்கரம் சுத்தாது. ஆனா ஆர்பிஎம்மை ஏத்தி வெச்சுக் கிளட்ச்சைச் சட்டுனு விட்டா, ஃப்ளைவீலில் சேர்த்து வெச்ச ஆற்றலும் ஒரே நொடியில் வந்து விழும். அப்போ காய்ந்த ரோட்டிலும் கீச்சுன்னு சத்தம் கேக்கும்.

நேரடி சூத்திரம்: எல்லை முடுக்கம் = உராய்வு × 0.60 × 9.81 ÷ (1 + உராய்வு × 0.22). காய்ந்ததில் 4.42. மழை ஈரத்தில் உராய்வு 0.6ன்னா 3.12. அதாவது மழையில் முதல் கியரில் இன்ஜின் கொடுக்கிற 3.96 வீண், 3.12தான் கிடைக்கும். பின்சக்கர இழுவைன்னா 0.60க்குப் பதிலா பின் அச்சின் பங்கைப் போட்டு, அடைப்புக்குறிக்குள்ள கூட்டலைக் கழித்தலா மாத்துங்க. எடை சாயறது அங்கே உதவி.

ரிம்மை 15லிருந்து 17 ஆக்கினா முடுக்கம் குறையுமான்னு அடிக்கடி கேப்பாங்க. டயரோட வெளி விட்டம் மாறாம இருந்தா விசை மாறாது. ரிம் கனமாகி, அந்தக் கனமும் வெளியே தள்ளிப்போறதால ஈடு நிறைதான் கொஞ்சம் கூடும்.

மூன்றாம்கியர்:

ஈரத்தார், நன்றி. போனை டேஷ்போர்டில் ஒட்டி முடுக்கமானியில் பார்த்தேன். முதல் கியரில் 4.3 காட்டுகிறது, கணக்கு 3.96. எதை நம்புவது?

ஈரத்தார்:

கணக்கை. முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கார் மூக்கைத் தூக்கும், போனும் கூடவே சாயும். ஒரு டிகிரி சாஞ்சாலே புவியீர்ப்பில் ஒரு துண்டு, 0.17 மீ/வி², முடுக்கத்தோட ஒட்டிக்கும். இரண்டு டிகிரின்னா 0.34. நீங்க சொல்ற வித்தியாசம் அப்படியே அதுதான். ரோடு 1 சதவீதம் ஏத்தமா இருந்தாலும் 0.1 வரும். ஜிபிஎஸ் வேகத்தை, முடிஞ்சா விநாடிக்கு 10 தடவை பதிவு பண்ற கருவியில் எடுத்து, அடுத்தடுத்த வேகங்களைக் கழிச்சு நேரத்தால வகுங்க. ஒரே ரோட்டில் போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்டிச் சராசரி எடுத்தா ஏத்த இறக்கம் கழிஞ்சுடும். போக்குவரத்து இல்லாத மூடிய இடத்தில் மட்டும் செய்யுங்க.

மூன்றாம்கியர்:

புரிந்தது. கடைசியாக ஒன்று: கியரை 4200இல் மாற்றினால் உச்ச டார்க்கிலேயே இருக்கலாமே, ஏன் 6000 வரை இழுக்க வேண்டும்?

பல்சக்கரம்:

இன்ஜின் டார்க்கைப் பார்க்காதீர்கள், சக்கரத்தின் டார்க்கைப் பாருங்கள். முதல் கியரில் 6000இல்: 119 × 14.56 = 1732. அதே வேகத்தில் இரண்டாவதுக்கு மாற்றினால் ஆர்பிஎம் 3210க்கு விழும், அங்கே 136 × 7.79 = 1059. இன்ஜின் மூச்சுத் திணறுகிற இடத்தில்கூட முதல் கியர் வெகுவாக முன்னே நிற்கிறது. இரண்டிலிருந்து மூன்றுக்கும் அப்படியே: 927க்கு எதிராக 756. வேகத்துக்கு எதிராக வரைந்த இரண்டு கியர்களின் சக்கர டார்க் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் மாற்ற வேண்டும். இந்தக் காரில் லிமிட்டருக்கு (இன்ஜின் அதற்குமேல் சுற்றாமல் தடுக்கும் ஆர்பிஎம் எல்லை) முன் அவை வெட்டிக்கொள்வதே இல்லை, ஆகவே லிமிட்டரை ஒட்டி மாற்றுங்கள்.

லிமிட்டர் 6300 என்றால் இரண்டாம் கியர் 91.5 கிமீ வரை போகும். அதிலேயே 100ஐத் தொட 6890 ஆர்பிஎம் வேண்டும். ஃபைனல் டிரைவ் 3.7 இருந்திருந்தால் 6220இலேயே தொட்டிருக்கும், ஒரு கியர் மாற்றம் மிச்சம். ஆனால் ஒவ்வொரு கியரிலும் விசை பத்து சதவீதம் குறையும். எது லாபம் என்பதை உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்டில் 4.1 இருக்கும் கட்டத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், ஈடு நிறையும் கூடவே மாறும்படி சூத்திரம் இணைந்திருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொண்டு.